எலுமிச்சம்பழத்தில் கரண்ட் இல்லை



முதலில் ஒரு பாவமன்னிப்பு. நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. (எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன். கூடப் படித்தவர்களுக்குத் தெரியும், தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு இருக்கவும்.) என் மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் நாலு எலுமிச்சம்பழம், பழத்துக்கு ஒரு ஆணி, ஒரு செப்புக் கம்பி, ஓரத்தில் ஒரு டார்ச் லைட் பல்பு. பின்னால் "எலுமிச்சையிலிருந்து மின்சாரம்" என்று கலர் கலராக ஒரு சார்ட்.

முந்தின நாள் சாயந்திரம் வரைக்கும் பல்பு எரியவே இல்லை. பழத்தை மாற்றினோம், ஆணியை மாற்றினோம், ஒயரைச் சுரண்டினோம். ம்ஹூம். கடைசியில் வாத்தியார் சுவர்க்கடிகாரத்தில் போடும் பேட்டரி இரண்டைத் தட்டுக்கு அடியில் செலோடேப் போட்டு ஒட்டினார். ஒயர் மேசை விரிப்புக்குள் போய்விட்டது. "பாப்பா, யாரும் தட்டைத் தூக்காம பாத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னார். மறுநாள் சிறப்பு விருந்தினர் வந்தார், பல்பு எரிந்தது, கை தட்டினார்கள், எனக்கு இரண்டாம் பரிசு. ஒரு டிபன் பாக்ஸ். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் வற்றல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் உறுத்துகிறது.

வாத்தியாரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் நல்ல மனுஷன். கண்காட்சியில் பல்பு எரியாவிட்டால் அவருக்குத்தான் கேள்வி வரும். என் பிரச்சினை வேறு. பேட்டரியை ஒளித்து வைத்தது சின்னப் பொய். பல்பு நிஜமாகவே எரிந்திருந்தாலும், அந்த சார்ட்டில் எழுதியிருந்தது ஒரு பெரிய பொய். எலுமிச்சையிலிருந்து மின்சாரம் வருவதே இல்லை. நான் இப்போது வேதியியல் இரண்டாம் ஆண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் போன வருஷம் வரைக்கும் ஆனது.

இப்போது ஏன் இதெல்லாம்? எங்கள் ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றுக்கு இந்தப் பக்கம். மணிமண்டபம் இருக்கும் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். பெருமாள் ஓர் இரவு இங்கே தங்கியதால் ஓரிரவிருக்கை, அது மருவி ஓரிக்கை என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி. சாயந்திரம் எங்கள் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத வரும். அதில் ஒருத்தி ஏழாவது. பேர் வேண்டாம், வாலு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் முன்னால் வந்து நிற்கிறாள், கையில் பை, பைக்குள் எலுமிச்சம்பழம்.

"அக்கா, எக்ஸிபிஷனுக்கு லெமன் பேட்டரி. பல்பு எரிய மாட்டேங்குதுக்கா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! இவளுக்கும் தட்டுக்கு அடியில் பேட்டரி ஒட்டித் தருவதா? ஒட்டவில்லை. பதிலாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

டார்ச் பல்பு ஒன்று சுமாராக 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் கேட்கும். ஆணியும் செப்புக் கம்பியும் குத்திய ஒரு எலுமிச்சம்பழம் வோல்ட் மீட்டரில் 0.9 காட்டும். பரவாயில்லையே, மூன்று பழம் போதுமே என்று தோன்றும் (எங்கள் வாத்தியாருக்கும் தோன்றியது). ஆனால் ஆம்பியர்? ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. பல்பு கேட்பது 300 மில்லி ஆம்பியர். அதனால் டார்ச் பல்பை ஒழுங்காக எரிய வைக்க ஆயிரக்கணக்கில் பழம் வேண்டும். 2021இல் இங்கிலாந்தில் 2,923 எலுமிச்சம்பழத்தைத் தொடராக இணைத்து 2,307.8 வோல்ட் எடுத்து உலக சாதனை செய்தார்கள். வகுத்துப் பாருங்கள், பழத்துக்கு 0.8 வோல்ட்கூட வரவில்லை. வரிசையாக அடுக்கினால் வோல்ட் கூடும், ஆம்பியர் கூடாது. நம்ம ஊர் கடைகளில் ஐந்து ரூபாய்க்குள் கிடைக்கிற சிவப்பு எல்.இ.டி. வேறு ஜாதி. 1.8 வோல்ட் இருந்தால், ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு பங்கு கிடைத்தாலே மங்கலாக மினுக்கும். நாலு பழம் போதும். வாலு எல்.இ.டி. வாங்கி வந்தாள், எரிந்தது. குதித்தாள்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் அவள் அடுத்து ஒன்று கேட்டாள் பாருங்கள்:

"ஏன்க்கா, பழத்துல கரண்ட் எந்த எடத்துல இருக்கு? சாறுலயா, தோல்லயா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே.

எலுமிச்சை பேட்டரியைப் பார்க்கிற பத்துக் குழந்தைகளில் பத்தும் இப்படித்தான் நினைக்கும். தப்பு அவர்கள்மேல் இல்லை. மேசையில் பளிச்சென்று இருப்பது பழம். சார்ட்டில் எழுதியிருப்பது பழம். ஆணியும் கம்பியும் ஏதோ ஒயர் மாட்டுகிற கொக்கி மாதிரி ஓரமாகக் கிடக்கின்றன. பழத்துக்குள் ஏற்கெனவே கரண்ட் தேங்கி நிற்கிறது, நாம் குழாய் போட்டு இறக்குகிறோம் என்ற படம்தான் மனசில் பதியும். அப்புறம் பாடத்தில் "மின்கலம் வேதி ஆற்றலை மின்னாற்றலாக மாற்றும் சாதனம்" என்று ஒரு வரி வரும். ஒரு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, உள்ளே அதே குழாய்ப் படத்தோடு பன்னிரண்டாவது வரை வந்துவிடலாம். நான் வந்தேன்.

சரி, வாலுவிடம் பதில் சொல்லவில்லை. சோதனை செய்து பார்க்கச் சொன்னேன். 300 ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் என்னிடம் இருந்தது. முதலில் பழத்தைத் தூக்கிப் போடு என்றேன். ஒரு டம்ளரில் புளித்தண்ணி. அதே ஆணி, அதே கம்பி. ஏறக்குறைய அதே வோல்ட். உப்புத் தண்ணி. வந்தது. புளிச்ச மோர். வந்தது. கடைசியில் வாசலில் செம்பருத்திச் செடிக்கு ஊற்றின ஈர மண்ணில் இரண்டையும் குத்தினாள், அதிலும் வந்தது! "மண்ணுல கூட கரண்ட் இருக்காக்கா?" என்றாள். அடுத்து, பழம் அப்படியே இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆணி குத்து என்றேன். மீட்டர் சைபரில் படுத்துவிட்டது. இரண்டு பக்கமும் செப்புக் கம்பி. மறுபடியும் சைபர்.

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "அப்போ பழம் இல்லக்கா. ஆணியும் கம்பியும்தான்."

என்னைப் பொறுத்தவரை அறிவியல் கண்காட்சிக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். எல்.இ.டி.கூட வேண்டாம். எரிகிற பல்பு குழந்தைக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. சைபரில் படுத்த மீட்டர்தான் சொல்லித் தருகிறது. ஆனால் எரியாத ஒன்றை மேசையில் வைக்க எந்தப் பள்ளிக்கும் தைரியம் கிடையாது.

ஆனால் வாலு சொன்னதும் பாதிதான் சரி. இந்தப் பாதி சரியில் ஒரு பெரிய மனிதரே மாட்டிக்கொண்டார். கதை தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 1780களில் இத்தாலியில் கால்வனி செத்த தவளையின் காலை இரண்டு வேறு உலோகங்களால் தொட்டார், கால் துடித்தது. தவளைக்குள் மின்சாரம் இருக்கிறது என்று முடிவு கட்டினார். (எலுமிச்சைக்குள் கரண்ட் என்பதும் இதுவும் ஒன்றுதானே!) வோல்டா அதை ஒத்துக்கொள்ளவில்லை. தவளை வேண்டாம், இரண்டு வேறு உலோகம் இருந்தால் போதும் என்று சொல்லி, வெள்ளிக் காசையும் துத்தநாக வில்லையையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் உப்புத் தண்ணியில் நனைத்த அட்டையை வைத்து, 1800 மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். உலகத்தின் முதல் பேட்டரி. எங்கள் செம்பருத்திச் செடி சோதனையின் பெரியண்ணன்.

ஆனால் வோல்டா கடைசி வரை நினைத்தது, இரண்டு உலோகம் தொட்டுக்கொள்வதாலேயே மின்சாரம் பிறக்கிறது, அட்டையில் இருக்கும் ஈரம் வெறும் வழி என்று. அப்படியானால் அது தீரவே கூடாது, சும்மா தொட்டுக்கொண்டே இருந்தால் கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். நிஜத்தில் தீர்ந்துபோகிறது. ஏன் தீர்கிறது? டேவி மாதிரி ஆட்கள் உடனேயே கவனித்தார்கள், துத்தநாகம் அரிக்கப்படுகிறது. எவ்வளவு அரிக்கிறதோ அவ்வளவு கரண்ட் என்று 1830களில் ஃபாரடே கணக்கே போட்டுக் காட்டினார். இன்றைய கணக்குப்படி 1 கிராம் துத்தநாகம் முழுசாகக் கரைந்தால் சுமார் 820 மில்லி ஆம்பியர் மணி. வோல்டாவே வழுக்கின இடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை வழுக்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. வழுக்குகிறது என்று தெரிந்தும் கை கொடுக்காமல் ஒரு வரி விடையைக் கொடுத்து அனுப்புவதுதான் எனக்குக் கோபம்.

அந்த ஆணிமேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. ஜிஐ ஆணி, ஜிஐ கம்பி, ஜிஐ தகடு என்று ஹார்டுவேர் கடையில் விற்பது எல்லாம் அதுதான். (ஜிஐயில் வரும் "கால்வனைஸ்டு" என்ற பெயர் அந்தத் தவளைக்காரர் பெயரிலிருந்து வந்ததுதான். தினமும் சொல்கிறோம், தெரிவதில்லை.) நடப்பது இவ்வளவுதான். துத்தநாக அணு ஒன்று தன்னிடம் இருக்கும் இரண்டு எலக்ட்ரானை உலோகத்திலேயே விட்டுவிட்டுத் தண்ணிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த எலக்ட்ரானுக்குத் தண்ணிக்குள் நீந்தத் தெரியாது. ஒயர் இருந்தால் ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு செம்புப் பக்கம் போகும். அங்கே அதை வாங்கிக்கொள்ள தண்ணியில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். போகிற வழியில் எல்.இ.டி. இருந்தால் அதை எரித்துவிட்டுப் போகும். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணி எல்லாம் இந்தப் போக்குவரத்து நடக்க உதவுகிற ஈரம். செலவாவது துத்தநாகம். அது தீர்ந்தால் கடை மூடிவிடும்.

இதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். பழைய ரிமோட்டைத் திறந்தால் பேட்டரி ஒழுகி, ஸ்பிரிங்கெல்லாம் பூத்துப் போயிருக்கும் இல்லையா? விலை குறைந்த சாதா பேட்டரியில் வெளிக் கூடே துத்தநாகம்தான், உள்ளே இருக்கிற பசைதான் ஈரம், நடுவில் ஒரு கரிக்குச்சி. கூடே கரைந்து கரைந்து கரண்ட் கொடுக்கிறது. கடைசியில் கூட்டில் ஓட்டை விழுகிறது, பசை வெளியே வருகிறது. எங்கள் சித்தப்பா சின்ன வயசில் பேட்டரிக் கட்டையைக் கல்லில் அடித்து உடைத்து அந்தக் கரிக்குச்சியால் சுவரில் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைவாராம். "புதுக் கட்டை கெட்டியா இருக்கும், பழசு தகரம் மாதிரி மெலிசா இருக்கும், ஒரே அடியில நசுங்கிடும்"னு அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷம் முன்னால் அவர் கையாலேயே பார்த்துவிட்டார், யாரும் அதற்குப் பெயர் சொல்லித் தரவில்லை. பாட்டி டார்ச் கட்டையை வெயிலில் காய வைப்பதுகூட மூடநம்பிக்கை கிடையாது. சூடு ஏறினால் வேதிவினை கொஞ்சம் சுறுசுறுப்பாகும், கொஞ்ச நேரம் வெளிச்சம் வரும். போன துத்தநாகம் திரும்பி வராது, அவ்வளவுதான்.

வாலுவுக்கு இதை நம்ப முடியவில்லை. "கரையுதுன்னா எடை கொறையணுமேக்கா" என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் எடை விஷயத்தில் ஏமாற்ற முடியாது. ஜரிகையை மார்க் கணக்கில் (ஒரு மார்க் 242 கிராம்) வாங்கி, கிராம் சுத்தமாகக் கணக்குப் பார்க்கிற வீட்டில் பிறந்தவர்கள். எலுமிச்சையில் ஒரு நாளில் கரைவது சில மில்லிகிராம், நம் வீட்டுத் தராசில் தெரியாது. அதனால் ஒரே அளவில் இரண்டு ஜிஐ தகடு வெட்டினோம். இரண்டையும் எடை போட்டோம், எங்கள் தெரு நகைக்கடைக்காரர் தராசில். (மாமா முதலில் முறைத்தார், அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார்.) ஒரு தகட்டைத் தனியாக உப்புத் தண்ணியில் போட்டோம். இன்னொன்றை இன்னொரு டம்ளர் உப்புத் தண்ணியில், செப்புக் கம்பிச் சுருளோடு ஒயரால் இணைத்துப் போட்டோம். ஒரு வாரம். தினமும் காலையில் ஸ்கூலுக்குப் போகுமுன் வந்து பார்த்துவிட்டுப் போனாள். தனித் தகடு கொஞ்சம் மங்கியது. இணைத்த தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பொடி கட்டி, துத்தநாகம் தீர்ந்த மூலையில் துரு எட்டிப் பார்த்தது. பொடியைத் தேய்த்துக் கழுவிக் காய வைத்து மறுபடி தராசு. இரண்டும் இளைத்திருந்தன. ஆனால் இணைத்த தகடுதான் அதிகம் இளைத்திருந்தது. மாமா தன் கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இதற்கு ஆன செலவு ஒரு காபிக்குக் காணாது. ஒரு வாரம் பொறுமைதான் வேண்டும். அது கண்காட்சிக்கு முந்தின நாள் சாயந்திரம் கிடைக்காது.

இப்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கே ஒரு விஷயம். ஜரிகை எப்படிச் செய்கிறார்கள்? சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல்மேல், மெல்லிசாக இழுத்துத் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, கடைசியில் தங்க முலாம். அசல் ஜரிகையில்கூடத் தங்கம் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான், வெள்ளிதான் அதிகம். அந்தத் தங்கத்தை ஏற்றுவது மின்சாரம். பேட்டரியில் உலோகம் கரைந்து கரண்ட் வருகிறது. முலாம் தொட்டியில் கரண்ட் கொடுத்தால் கரைந்த உலோகம் வந்து ஒட்டுகிறது. ஒரே வண்டி, ரிவர்ஸ் கியர். இதை முதலில் செய்தவர் யார் தெரியுமா? வோல்டாவின் நண்பர் புருக்னடெல்லி, 1805இல், வோல்டாவின் பேட்டரியை வைத்து இரண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குத் தங்க முலாம் பூசினார். வெள்ளிமேல் தங்கம்! பேட்டரி பிறந்து ஐந்தே வருஷத்தில் மனுஷன் செய்தது நம்ம ஜரிகை வேலை.

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு பேட்டரியை எலுமிச்சையிலிருந்து ஆரம்பிப்பதைவிட ஜரிகையிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. நிஜத் தங்க முலாம் தொட்டியில் சயனைடு இருக்கும், அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆனால் உரக்கடையில் கிடைக்கிற மயில்துத்தம் கொஞ்சம் கரைத்து, பேட்டரியின் பிளஸ்ஸில் செப்புக் கம்பி, மைனஸில் பென்சில் குச்சி மாட்டி நனைத்தால் பத்து நிமிஷத்தில் கறுப்புக் குச்சி செம்பு நிறமாகிவிடும். (பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மயில்துத்தம் விஷம், கையைக் கழுவவும்.) ஊரே கை வைக்கிற சமாசாரம். ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு நாளும் பேட்டரிப் பாடத்தில் ஜரிகை என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்து அழகப்பச் செட்டியார் காரைக்குடிக்கு வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இந்த வேலையைத்தான் பார்க்கிறது, பேட்டரி, முலாம், துரு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. மூன்றும் ஒரே படிப்பு என்று எனக்குத் தெரிந்தது கல்லூரிக்கு வந்த பிறகு.

துத்தநாகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் இந்தத் தகடு விஷயத்தை வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டதும் ஒரு பெரியப்பா உடனே ஒரு ஃபார்வர்டு அனுப்பினார்: பேட்டரியைக் கண்டுபிடித்தவர் அகத்தியர். மண் பானை, செப்புத் தகடு, மயில்துத்தம், ஈர மரத்தூள், பாதரசம் பூசிய துத்தநாகம். 2018இல் பொறியியல் மாணவர்களுக்கான ஒரு புத்தகத்திலேயே இது இடம்பெற்றது என்று பத்திரிகைகளில் சண்டை நடந்தது. பெரியப்பாவிடம் சண்டை போடவில்லை (போட்டுப் பயனில்லை). அந்தச் செய்முறையில் பேட்டரி வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. எனக்கு இடறுவது அந்தப் பாதரசம். துத்தநாகம் சும்மா இருக்கும்போதும் வீணாகக் கரையாமல் இருக்க அதன்மேல் பாதரசம் பூசுவது 1830களில் ஐரோப்பாவில் பேட்டரி செய்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த தந்திரம். பேட்டரியை வருஷக்கணக்காக ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு தேவையே வரும். நம் பக்கம் அப்படி ஓட்டினதற்கு அடையாளம் எங்கே? பெருமைப்பட வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது ராஜஸ்தானின் சாவர். துத்தநாகம் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும் உலோகம், பிடிப்பது கஷ்டம். அதை மண் குடுவையில் தலைகீழாக வடித்து, பெரிய அளவில் உலகிலேயே முதலில் எடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். இங்கிலாந்தில் சாம்பியன் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1738இல்தான், சாவர்க்காரர்கள் பல நூறு வருஷம் முன்னாலேயே செய்துகொண்டிருந்தார்கள். உடைந்த குடுவைகள் மலையாக அங்கே கிடக்கின்றன. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

சரி, இதெல்லாம் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? நானும் அப்படித்தான் நினைத்தேன், போன கார்த்திகை தீபம் வரைக்கும்.

எதிர்வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை. வாசலில் வரிசையாக எல்.இ.டி. அகல். அதற்குள் பட்டன் செல் இருக்கும், ஒரு ரூபாய்க் காசு அளவில் பளபளவென்று. ஒன்று உடைந்து செல் வெளியே வந்து குழந்தை வாயில். நல்ல வேளை, அத்தை பார்த்துவிட்டார்கள், விரலை விட்டு எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லோரும் சொன்னது என்ன தெரியுமா? "முழுங்கியிருந்தா என்ன, காசு முழுங்குற மாதிரி நாளைக்கு வெளிய வந்திருக்கும்." "பழைய செல்லுதான, கரண்டே இருக்காது."

காசு வேறு, செல் வேறு. அந்தப் பெரிய பட்டன் செல் 3 வோல்ட். தொண்டையில் சிக்கினால் இரண்டு பக்கமும் ஈரமான சதை தொடும், சுற்று முழுமையாகிவிடும். எலுமிச்சையில் சாறு என்ன செய்ததோ அதை எச்சில் செய்கிறது. மைனஸ் பக்கத்தில் காரம் உண்டாகும், சோப்புக் காய்ச்சுகிற காரம் மாதிரி. இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும், ஓட்டைகூட விழலாம். டார்ச்சுக்குப் பத்தாத பழைய செல்லும் இதற்குப் போதும். "கரண்ட் தீர்ந்துபோச்சு" என்று நாம் சொல்வதே அந்தப் பழைய குழாய்ப் படம்தான்!

இதை எங்கள் தெருப் பெண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அப்புறம் ஒரு யோசனை. மஞ்சள் தூளை உப்புத் தண்ணியில் குழைத்து வெள்ளைத் துணியில் தடவினேன். அதை மடித்து உள்ளே ஒரு பட்டன் செல். கொஞ்ச நேரம் கழித்து விரித்தால் மைனஸ் பக்கம் பட்ட இடம் ரத்தச் சிவப்பு. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்குமே, அதே சிவப்பு. சுண்ணாம்பும் காரம், இதுவும் காரம். வாயில் சுண்ணாம்பு அதிகமாகப் பட்டால் எப்படி வெந்துபோகும் என்று வெற்றிலை போடுகிற ஆயாக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணியைப் பார்த்ததும் அத்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மிச்ச அகலையெல்லாம் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் பள்ளியில் செய்ய நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், போர்ஷன் முடிக்க வேண்டும், கண்காட்சி என்றால் அதிகாரி வருவார். எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டுவதும் சரியில்லை. 1980 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் போய் இந்த மாதிரி எளிய சோதனைகளைச் செய்து காட்டிக்கொண்டுதான் இருக்கிறது, "துளிர்" என்று பிள்ளைகளுக்கு ஒரு இதழே நடத்தியது. என் கோரிக்கை ரொம்பச் சின்னது. எலுமிச்சை பேட்டரி செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு பழம் வையுங்கள், அதில் இரண்டு பக்கமும் ஒரே ஆணி. எரியாத எல்.இ.டி.யையும் மேசையில் வையுங்கள். சார்ட்டில் தலைப்பை மாற்றுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

செல்போன் பேட்டரியைப் பற்றி வாலு கேட்டாள். ("அதுல என்னக்கா கரையுது?") லித்தியம் அயன் விஷயத்தில் எதுவும் கரைந்து தீர்வதில்லை, லித்தியம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது, சார்ஜ் போட்டால் திரும்பி வருகிறது, தறியில் நாடா போய் வருகிற மாதிரி என்றேன். "நாடா தேஞ்சு போயிடுமேக்கா" என்றாள். தேயும், அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்தில் சார்ஜ் நிற்பதில்லை என்றேன். முழுசாகச் சரியான பதிலா என்று எனக்கே சந்தேகம். எங்கள் மேடத்தைக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கண்காட்சி அடுத்த வெள்ளிக்கிழமை. வாலு மேசையில் இரண்டு தகடு, இரண்டு டம்ளர், மஞ்சள் துணி, ஒரு எரிகிற எல்.இ.டி., ஒரு எரியாத எல்.இ.டி. வைக்கப்போகிறாளாம். "எரியாததை எதுக்கு வைக்கிற, எடுத்துடு"ன்னு அவளுடைய டீச்சர் சொன்னாராம். எடுக்கமாட்டேன் என்கிறாள். நகைக்கடை மாமா தராசைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவர ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

பி.கு: மஞ்சள் துணி சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், முடிந்ததும் செல்லின் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடவும். யாராவது குழந்தை பட்டன் செல்லை முழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், நேராக எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரி. காஸில் எந்தக் கட்டையையும் உடைக்க வேண்டாம், சித்தப்பா காலம் வேறு. இப்போது வருகிற ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பதும் காரம்தான்.